கழுத்து நாளத்தில் இடும் குழாய்: வாசகர் கேள்விகளும் வைத்தியர் பதில்களும்

சென்ற இதழில் சிறுநீரகச் செயலிழப்பைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. கழுத்திலோ, கழுத்தடியிலிருந்து தோள்வரை ஓடும் காறை எலும்புக்குக் கீழோ, தொடையிடுக்கிலோ உள்ள பெரிய நாளத்தினுள், அதாவது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் இரத்தக்குழாயினுள், செலுத்தி வைக்கப்படும் குழாய் நன்மை செய்வதைப் போலவே தீங்கும் செய்யுமா என்பதே அது. வார்ட்டில் ‘சென்ட்ரல் லைன்’ என்று சொல்லப்படும் இந்தக் குழாயைப் பற்றிய கேள்விகளுக்கே இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் வைத்தியசாலைகளின் பெயர்களையும் தவிர்த்துள்ளோம்.

கேள்வி (பொகவந்தலாவையிலிருந்து ஒரு மகள்): வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் அம்மாவைக் குளவிகள் கூட்டமாகக் கொட்டிவிட்டன. மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்து, பிறகு நின்றே போனது. பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி, கழுத்தில் குழாய் போட்டு டயலிசிஸ் செய்தார்கள். மறுநாள் பார்த்தால் கழுத்தின் வலப்பக்கம் முழுவதும் கன்றி, நீலமாகி, வீங்கியிருந்தது. கையில் இத்தனை நரம்புகள் இருக்கும்போது கழுத்தில் ஏன் குத்த வேண்டும்? தவறான இடத்தில் குத்திவிட்டார்களா? அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

பதில்: அம்மா வீடு திரும்பியதைக் கடிதத்தின் கடைசி வரியில் அல்லவா எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் எழுதியிருந்தால் மற்றவற்றைப் பதற்றமின்றிப் படித்திருப்பேன்.

குளவி நஞ்சு தசைகளையும் இரத்தத்தின் சிவப்பணுக்களையும் சிதைக்கிறது. அச்சிதைவில் வெளிப்படும் நிறப்பொருட்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்குகின்றன. சிறுநீர் கறுத்ததும் பின்னர் நின்றதும் அதனாலேயே. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் மீளக்கூடியது. அந்த வாரங்களில் உயிரைக் காப்பதற்கே டயலிசிஸ் செய்யப்படுகிறது. அதற்கான இயந்திரம் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை வெளியே எடுத்து, சுத்திகரித்து, அதே வேகத்தில் உடலுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கையின் மேலோட்டமான நாளங்கள் இந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. ஆகவே உள்ளே இரண்டு வழிகளைக் கொண்ட, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயைக் கழுத்து நாளத்தின் வழியாகச் செலுத்தி, அதன் நுனி இதயத்தின் வலது மேலறைக்கு அருகே நிற்கும்படி வைக்கிறார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் டயலிசிஸ் தேவைப்படாத நோயாளருக்கும் இதைவிட மெல்லிய குழாயொன்று இதே வழியில் இடப்படுவதுண்டு. இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் நோர்அட்ரினலின் போன்ற மருந்துகளை நீண்ட நேரம் கை நாளத்தில் செலுத்தினால், மருந்து கசியும் இடத்தில் தோலும் தசையும் அழுகிப்போகக்கூடும் என்பது அதற்கு ஒரு காரணம்.

இனிக் கன்றலுக்கு வருவோம். கழுத்து நாளமும், மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் நாடியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே ஓடுகின்றன. சிலரில் நாளம் நாடியின் மேலேயே படிந்திருக்கும். ஊசி நாடியில் பட்டுவிடுவது இந்தச் செய்கையில் மிகவும் அறியப்பட்ட சிக்கல்களுள் ஒன்று. தோலின் மேல் தெரியும் அடையாளங்களை மட்டும் நம்பிக் குத்திய காலத்தில், கழுத்து வழியில் 100 பேரில் 6 முதல் 9 பேர் வரை இவ்வாறு நேர்ந்ததாக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. அல்ட்ராசவுண்ட் கருவியால் நாளத்தை நேரே பார்த்துக்கொண்டு குத்தும் முறையை ஐக்கிய இராச்சியத்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) நிறுவனம் 2002ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. அம்முறை பரவிய பின்னர் இச்சிக்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது, இல்லாமற்போய்விடவில்லை. மெல்லிய ஊசி நாடியில் பட்டால் உடனே எடுத்துவிட்டு, பத்து நிமிடங்கள் வரை விரல்களால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கன்றல் மட்டும் சில நாட்களுக்கு மஞ்சளும் நீலமுமாக நிற்கும். சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத் தட்டுக்கள் சரிவர ஒட்டுவதில்லை என்பதையும், டயலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பரின் கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: நாளத்திலேயே சரியாகக் குத்தப்பட்டிருந்தாலும் உங்கள் அம்மாவின் கழுத்து கன்றியிருக்கலாம். கன்றலை மட்டும் வைத்துத் தவறு நடந்தது என்று சொல்ல முடியாது.

பயப்பட வேண்டிய நிலை வேறு. அந்தத் தடித்த குழாயே நாடிக்குள் நுழைந்துவிடுவதுதான் அது. குருதி கடுஞ்சிவப்பாக இருக்கிறதா, துடித்துத் துடித்து வருகிறதா என்று பார்ப்பது வழக்கமானாலும், இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்து அதிர்ச்சி நிலையில் கிடக்கும் நோயாளரில் நாடியின் இரத்தமும் கறுத்துத் தளர்ந்தே வரும் என்பதால் கண் ஏமாறும்; அழுத்தத்தை அளந்தோ குழாய்க்கு வழிகாட்ட முதலில் செலுத்தும் மெல்லிய கம்பியை அல்ட்ராசவுண்டில் பார்த்தோ உறுதிசெய்துகொண்ட பிறகே துளையைப் பெரிதாக்க வேண்டும். தவறிக் குழாய் நாடிக்குள் போய்விட்டால் அவசரப்பட்டு உருவி எடுக்கக் கூடாது. இரத்தப்பெருக்கும் பக்கவாதமும் நேரக்கூடும் என்பதால், குழாயை அப்படியே விட்டுவைத்து இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரின் உதவியை நாடுவதே முறை. கட்டிலருகே இருக்கும் உறவினர் கவனிக்க வேண்டியவை இவைதான்: வீக்கம் கண்ணெதிரே பெருத்துக்கொண்டு போதல், குரல் கம்முதல், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுதல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் தாதியை அழையுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): அப்பாவுக்குக் குழாய் போடுவதற்கு முன் சிங்களத்தில் அச்சடித்த ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கேட்கவும் தயக்கமாக இருந்தது. எதற்குச் சம்மதித்தேன் என்பது இன்றுவரை தெரியவில்லை.

பதில்: தமிழும் அரச கரும மொழி என்பது 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது, ஆனால் இரவு பத்து மணிக்கு வார்ட்டு வாசலில் நீட்டப்படும் தாளுக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இதில் வைத்தியரை மட்டும் குறை சொல்லமாட்டேன். ஆனால் புரியாமல் பெறும் கையெழுத்து சம்மதம் ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ் தெரிந்த தாதி, சிற்றூழியர், பக்கத்துக் கட்டிலின் உறவினர் என யாரையாவது வைத்து விளக்கச் சொல்லும்படி கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. உயிராபத்தான நொடியில், பேசுவதற்கு நேரமில்லாதபோது, கையெழுத்துக்குக் காத்திராமல் வைத்தியர் செய்ய வேண்டியதைச் செய்யலாம். மற்ற நேரங்களில் ஐந்து நிமிடமாவது கிடைக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டியது: குழாய் எதற்காக, எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு, குத்தும்போது நாடியில் படலாம், நுரையீரலின் உறை துளைபடலாம், இதயத்துடிப்பு சற்று ஒழுங்கு தவறலாம், பின்னர் கிருமி தொற்றலாம், இரத்தக்கட்டி உண்டாகலாம். இவற்றோடு, யார் குத்தப்போகிறார்கள் என்பதையும் நீங்கள் கேட்கலாம். ஒருவர் மூன்று முறைக்கு மேல் குத்திப் பார்க்கும்போது சிக்கல்கள் பன்மடங்காகின்றன. அந்தக் கட்டத்தில் ஊசியை அனுபவம் மிக்க இன்னொருவரிடம் கொடுத்துவிடுவதே நல்ல வழக்கம்.

கேள்வி (நானுஓயாவிலிருந்து ஒரு மனைவி): என் கணவருக்குக் கண்டிப் பக்கத்தில் ஒரு வைத்தியசாலையில் நெஞ்செலும்புக்குப் பக்கமாகக் குழாய் போட்டபோது நுரையீரலில் காற்றுப் போய்விட்டதாம். விலாவில் இன்னொரு குழாய் வைத்து ஐந்து நாள் கழித்து எடுத்தார்கள். அடுத்த கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். மேலே ஏறினால் மூச்சுக்கு ஆபத்து என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: சொன்னவர் யாராக இருந்தாலும் அறியாமல் சொல்லவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் மேலே, கழுத்தின் அடிவரை எழும்பி நிற்கிறது. காறை எலும்புக்குக் கீழாக நாளத்தைத் தேடிப் போகும் ஊசி சற்றுக் கீழிறங்கினால் நுரையீரலின் உறையில் துளை விழும். உறைக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையே காற்றுச் சேர்ந்து நுரையீரல் சுருங்கும். இந்த வழியில் 100 பேரில் ஒன்றரை முதல் மூன்று பேர் வரை இது நேர்வதாகக் கணக்குண்டு. கழுத்து வழியில் இது மிக அரிது. அப்படியானால் காறை எலும்புக்குக் கீழே ஏன் குத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். கிருமித் தொற்றும் இரத்தக்கட்டியும் அந்த இடத்தில்தான் குறைவு. பிரான்ஸில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்று இரண்டையும் ஒருங்கே காட்டியது: தொற்றையும் இரத்தக்கட்டியையும் பொறுத்தவரை நல்லதாக இருந்த அதே காறை எலும்பு வழி, நுரையீரலைப் பொறுத்தவரை மோசமானது. எந்த இடமும் முழுக்க நல்லதில்லை. நோயாளரைப் பார்த்துத் தெரிவு செய்ய வேண்டும்.

குழாய் போட்டவுடன் எக்ஸ்ரே எடுப்பது குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு மட்டுமன்று, இந்தக் காற்றைத் தேடுவதற்கும்தான். காற்று சில மணி நேரம் கழித்துத் தாமதமாகச் சேர்வதும் உண்டு. முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தபோதும் அன்றிரவு நெஞ்சு குத்தலும் மூச்சுத் திணறலும் வந்தால் மறுபடி படம் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இப்போது மலை ஏறுவது பற்றி. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வெளிக்காற்றின் அழுத்தம் மேலே போகப் போகக் குறைவதால், நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடக்கும் காற்று விரிகிறது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை ஏறும்போது அது ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருக்கும். பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் 1800 முதல் 2400 மீற்றர் உயரத்துக்குச் சமமானது. நெஞ்சில் காற்று உள்ளவரை விமானத்தில் ஏற்றக் கூடாது என்பதை எல்லா வைத்தியரும் அறிவர். ஆனால் இறம்பொடை வளைவுகளைத் தாண்டி நுவரெலியாவுக்குப் போகும் பேருந்து ஏறத்தாழ அதே உயரத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது என்பது துண்டு வெட்டும் அவசரத்தில் எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே உங்கள் கணவருக்குச் செய்ய வேண்டியது ஒன்றே. விலாக் குழாயை எடுத்த பின்னர் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுவதும் விரிந்துவிட்டதா, காற்று ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்கும்போது வீடு நானுஓயாவில் என்பதையும் சொல்லுங்கள். முழுவதும் விரிந்திருந்தால் மலையேறத் தடையில்லை. சிறிது மிஞ்சியிருந்தால், அது கரையும் வரை கீழேயே ஓர் உறவினர் வீட்டில் தங்கிப் போவது நல்லது. விலாக் குழாயோடே ஒருவரை அம்புலன்ஸில் மேலே அனுப்ப நேர்ந்தால், குழாயை இடுக்கியால் பூட்டக் கூடாது, அதனோடு இணைந்திருக்கும் போத்தலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பின் திடீரென்று மூச்சு வாங்கினாலோ உதடு கறுத்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): எங்கள் பகுதியில் ஒருவருக்குக் குழாய் போடும்போது கம்பியை உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். அப்படியும் நடக்குமா? உடம்புக்குள் கம்பி எதற்கு?

பதில்: நடக்கும், மிக அரிதாக. முதலில் மெல்லிய ஊசியால் நாளத்தைக் கண்டு, ஊசியினூடாக வளையக்கூடிய மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஊசியை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகக் குழாயை நழுவவிட்டு, கடைசியில் கம்பியை உருவிவிடுவது சுவீடன் நாட்டின் செல்டிங்கர் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை. தடித்த ஊசியால் பெரிய நாளத்தைக் கிழிக்காமல் வேலையை முடிப்பதற்கு இதைவிட எளிய வழி இதுவரை வரவில்லை. (அதற்கு முன் 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் ஜெர்மானிய வைத்தியர் தம் கை நாளத்தின் வழியாகத் தாமே ஒரு குழாயை இதயம் வரை செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துப் பார்த்தார். 1956இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். இன்றைக்கு எந்த வைத்தியசாலையிலும் இதற்கு அனுமதி கிடைக்காது.)

கம்பியின் பின்முனையை ஒரு நொடியும் கைவிடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது பயிலுநருக்கு முதலில் சொல்லப்படும் விதி. நள்ளிரவில், தனியாக, நான்கு அழைப்புகளுக்கிடையே செய்யும்போதுதான் அந்த விதி தவறுகிறது. குழாயை இட்டு முடித்ததும் “கம்பி வெளியே” என்று உரத்துச் சொல்லித் தாதியிடம் காட்டிவிடும் வழக்கம் இருந்தால் தவறுக்கு இடமிராது. உள்ளே நின்றுவிட்டாலும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்; தொடை நாளத்தின் வழியாகச் சுருக்குக் கண்ணியை அனுப்பிப் பிடித்து எடுத்துவிடலாம், நெஞ்சைத் திறக்க வேண்டி வருவது அபூர்வம். கம்பியின் நுனி இதயத்தைத் தீண்டும்போது துடிப்பு ஒழுங்கு தவறுவதும் உண்டு. திரையில் அதைக் கண்டவுடன் கம்பியைச் சற்றுப் பின்னிழுத்தால் அனேகமாக நின்றுவிடும்.

கேள்வி (நோர்வூட்டிலிருந்து ஒரு மகன்): அப்பாவுக்குக் கழுத்துக் குழாய் போட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. கிழமைக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய் டயலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். இந்த மூன்று தடவையும் வந்த இரவே பல் கிட்டுகிற மாதிரி நடுங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. இரண்டு பனடோல் கொடுத்தால் காலையில் சரியாகிவிடுகிறது. மழைக்காலக் குளிர் என்று நினைத்தோம். ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது, அடுத்த டயலிசிஸ் நாள் வரை காத்திராமல் இன்றே அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். பெருநாளக் குழாய் உள்ள ஒருவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அது குழாயிலிருந்தே வந்தது என்று கொள்ள வேண்டும். டயலிசிஸ் முடிந்த இரவுகளில் மட்டும் வருவது இதை இன்னும் உறுதிப்படுத்துகிறது: குழாயின் உட்புறத்தில் படிந்திருக்கும் கிருமிகள், இயந்திரத்தை இணைத்து இரத்தத்தை வேகமாக ஓடவிடும்போது உதிர்ந்து உடலெங்கும் பரவுகின்றன. பனடோல் காய்ச்சலைத்தான் தணிக்கும். கிருமி இருந்த இடத்திலேயே இருக்கும். போகப்போக இதய வால்வுகளிலோ முதுகெலும்பிலோ குடியேறும். முதுகுவலி என்று மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்து, கடைசியில் கால்கள் மரத்துப்போன பிறகு வருபவர்களும் உண்டு.

குழாய் போடும்போது நேரும் சிக்கல்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கடிதங்கள் வருகின்றன. ஊசியால் நேரும் தீங்கு பெரும்பாலும் முதல் நாளிலேயே, வைத்தியரும் தாதியும் அருகிலிருக்கும்போதே வெளிப்பட்டுவிடும். குழாயால் வரும் தீங்கோ நாள்தோறும் சேர்ந்து, வீட்டில், இரவில், எவரும் அதை நினையாத நேரத்தில் வெளிப்படுகிறது. அது கொல்லும் பேர்கள்தான் அதிகம். பீலிக் குழாயின் உட்சுவரில் பாசி படர்வதைப் போல, உடலுக்குள் இருக்கும் எந்தக் குழாயிலும் சில நாட்களில் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. தோலிலிருந்தும் குழாயின் மூடிகளைத் தொடும் கைகளிலிருந்தும் வரும் கிருமிகள் அப்படலத்துக்குள் புகுந்துகொண்டால் மருந்து அவற்றை எளிதில் எட்டாது.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்தது. பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்தே ஐந்து விடயங்களைத் தவறாமல் செய்ய வைத்தார்கள்: கை கழுவுதல், குழாய் இடும்போது தொப்பி, முகமூடி, கிருமியற்ற அங்கி அணிந்து நோயாளரின் உடலை முழுமையாக மூடுதல், தோலைக் குளோர்ஹெக்சிடின் மருந்தால் துடைத்தல், இயன்றவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்துவிடுதல். 2006ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், 1000 குழாய் நாட்களுக்கு (ஒருவரிடம் குழாய் ஒரு நாள் இருந்தால் அது ஒரு குழாய் நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதங்களுக்குள் சுழியமாக இறங்கியது. விலையுயர்ந்த கருவி ஏதும் அதில் இல்லை. ஐந்தில் கடைசியானதுதான் நம் நாட்டில் அதிகம் தவறுகிறது என்பது என் எண்ணம்.

அப்பாவைப் பற்றிய உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியதும் அதுவே. தோலுக்கு அடியில் சுரங்கம் போல நடத்திச் செல்லப்படாத, நேரே கழுத்தில் இறங்கும் தற்காலிகக் குழாய் இரண்டு வாரங்களுக்குள் எடுக்கப்பட வேண்டியது. அதற்கு மேலும் டயலிசிஸ் தேவையென்றால், நெஞ்சுத் தோலுக்கு அடியில் சிறிது தூரம் சென்று, தோல் வந்து பற்றிக்கொள்ளும் ஒரு பட்டியோடு கூடிய ‘பேர்ம்காத்’ குழாய்க்கு மாற்ற வேண்டும். கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் ஃபிஸ்டுலா சத்திரசிகிச்சைக்கும் அப்போதே திகதி கேட்க வேண்டும். திகதி கிடைப்பதில் இருக்கும் இழுபறியை நான் அறிவேன். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

வைத்தியசாலைக்குப் போனதும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்குவதற்கு முன்னர் இரத்தத்தைக் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். கையிலிருந்து எடுத்ததைவிடக் குழாயிலிருந்து எடுத்தது இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக் கிருமியைக் காட்டினால் குற்றவாளி குழாய்தான். வீட்டிலிருக்கும் மருந்துகளை நீங்களாகவே முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் சோதனையில் ஒன்றும் வளராமல் போகலாம்.

வீட்டுப் பழக்கங்களிலும் சிலவற்றை மாற்ற வேண்டும். குழாய் இருக்கும் வரை அப்பா பீலிக்கடியில் நின்று குளிக்கக் கூடாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மேலே ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். கழுத்தில் மப்ளர் சுற்றுவது குழாயின் மூடிகளை இழுத்து நெருடும். குளிருக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரே ஏற்றது. மேலே ஒட்டியிருக்கும் மருந்துக்கட்டு நனைந்துவிட்டாலோ ஓரம் கிளம்பிவிட்டாலோ தானாகப் பிரித்துப் பார்க்காமல், கிளினிக்கிலோ பிரதேச வைத்தியசாலையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். டயலிசிஸ் குழாயில் சேலைன் ஏற்றவோ சோதனைக்கு இரத்தம் எடுக்கவோ வேறு எவரையும் அனுமதிக்காதீர்கள். அதன் உள்ளே செறிந்த ஹெப்பரின் நிரப்பப்பட்டிருக்கிறது, அது உடலுக்குள் தள்ளப்பட்டால் இரத்தம் கசியும்.

கேள்வி (வெலிமடை): பஸ்ஸில் நெரிசலில் யாரோ பை இழுத்ததில் தங்கைக்குக் கழுத்துக் குழாய் பாதி வெளியே வந்துவிட்டது. நாங்களே உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து, பிறகு வைத்தியசாலைக்குப் போனோம். இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தள்ளியதைத் தவிர எதைச் செய்திருந்தாலும் பரவாயில்லை. வெளியே வந்த பகுதி கிருமியோடுதான் உள்ளே போகும். ஆகவே எந்நிலையிலும் உள்ளே தள்ளாதீர்கள். பாதி வந்திருந்தால் அப்படியே தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முழுவதும் கழன்றுவிட்டால் இரண்டு ஆபத்துகள். இரத்தம் கசிவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது காற்று. உட்கார்ந்திருப்பவர் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, குழாய் இருந்த துளையின் வழியே வெளிக்காற்று நாளத்துக்குள் உறிஞ்சப்படலாம். அது இதயத்தில் சேர்ந்து இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். எனவே முதலில் தங்கையைச் சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், பஸ்ஸாக இருந்தாலும் இருக்கையில் கிடத்துங்கள். சுத்தமான துணியை மடித்துத் துளையின் மேல் வைத்துக் குறைந்தது பத்து நிமிடம், இடையில் எடுத்தெடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ இடப்பக்கமாகச் சரித்து, தலையைத் தாழ்த்தி, 1990ஐ அழையுங்கள். மூடி மட்டும் கழன்றிருந்தால், குழாயின் மேலுள்ள இடுக்கி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டாவிட்டால் உடனே பூட்டுங்கள். வார்ட்டில் குழாயை எடுக்கும்போது நோயாளரைப் படுக்க வைத்து மூச்சை அடக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். அவசரத்தில் நாற்காலியில் உட்கார வைத்து உருவ வந்தால் மறுத்துப் படுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி (மஸ்கெலியா): எனக்கு முன்பு இடது காறை எலும்புக்குக் கீழே குழாய் போட்டு எடுத்திருந்தார்கள். இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா செய்த பிறகு அந்தக் கை முழுவதும் தடித்து வீங்குகிறது, நெஞ்சில் நரம்புகள் புடைத்துத் தெரிகின்றன. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். என்ன செய்வது?

பதில்: குழாய் உரசிக்கொண்டிருந்த இடத்தில் நாளத்தின் உட்சுவர் தடித்து வழி குறுகியிருக்கலாம். அப்போது ஓட்டம் குறைவாக இருந்ததால் தெரியவில்லை. ஃபிஸ்டுலா வந்து இரத்தம் வேகமெடுத்ததும் வடிய வழியின்றிக் கை வீங்குகிறது. 1991ஆம் ஆண்டின் ஓர் ஆய்வில், காறை எலும்பு வழியாக டயலிசிஸ் குழாய் இடப்பட்டவர்களில் 100க்கு 42 பேரிலும் கழுத்து வழியாக இடப்பட்டவர்களில் 100க்கு 10 பேரிலும் இச்சுருக்கம் காணப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கு அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்தது. உங்களுக்குப் போட்ட வேளையில் வேறு வழி இருந்திராமலும் இருக்கலாம்.

சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்த்து, குறுகிய இடத்தைப் பலூனால் விரிக்க முடியும். மீண்டும் குறுகினால் மறுபடி விரிக்கலாம். ஃபிஸ்டுலாவை மூடச் சொல்வதற்கு முன் இதைச் செய்ய இயலுமா என்று கேளுங்கள். வீக்கத்தோடு வலியும் சிவப்பும் திடீரென்று வந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும்.

வேலையைப் பற்றி: பொதுவாக அதிகம் பயன்படுத்தாத கையில் ஃபிஸ்டுலா வைப்பார்கள், ஆனால் கொழுந்தெடுப்பவருக்கு அப்படியொரு கை கிடையாது என்பதை வைத்தியரிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். விரல்களால் கொழுந்து கிள்ளுவதால் ஃபிஸ்டுலாவுக்குக் கேடில்லை. கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமக்கும் கொழுந்துப் பையின் பாரமும், அந்தக் கையில் விழும் இறுக்கமும்தான் கேடு. நிறுவைக்குப் பையைத் தூக்கிக்கொடுக்க வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அந்த இடத்தில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே போக வேண்டும். இடது கையில் ஊசி போடவோ இரத்தம் எடுக்கவோ அழுத்தம் பார்க்கவோ கூடாது என்பதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி அடுத்த முறை தாதியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.